மேட்டில் பேசியது

எங்கள் பேஸ்பால் அகாடமியில் சாப்பாட்டுக் கூடமும் இங்கிலீஷ் வகுப்பறையும் ஒன்றுதான். மதியம் பையன்கள் தட்டைக் கழுவி வைத்ததும் யோகஸ்தா டீச்சர் வருவாள். மேசையில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையை முகம் சுளித்துத் தட்டிவிட்டு, சுவரில் வார்த்தை அட்டைகளை மாட்டுவாள். கூடத்துக்கும் என் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு திறந்த ஜன்னல். அதனால் அந்தப் பிள்ளைகள் படித்த இங்கிலீஷ் அத்தனையும், நான் வேண்டாம் என்றாலும், பீன்ஸ் கொதிக்கிற சத்தத்தோடு என் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது.

பையன்கள் எல்லாரும் இப்போதுதான் மீசை முளைத்தவர்கள். எல்லாருக்கும் ஒரே கனவு, ஃப்ளோரிடா. அங்கே போய் பேஸ்பால் ஆட வேண்டுமென்றால் கை மட்டும் போதாது, வாயும் வேண்டும் என்று, அகாடமியை வைத்திருக்கும் அமெரிக்க கிளப் நடத்துகிற வகுப்பு அது. அந்தப் பையன்களுக்கு நடுவே, கடைசி பெஞ்சில், முட்டி மேசையில் இடிக்க, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பார். அவர் என் வீட்டுக்காரர்.

பெயர் லியோகாடியோ. நான் காடியோ என்பேன், பையன்கள் 'சுவர்' என்பார்கள். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவராக ஆடியவர். அந்தக் காலத்தில் அவரைத் தாண்டி ஒரு பந்து போனதில்லை. இப்போது அதே வேலையைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் ஊர் சான் பெத்ரோவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பாதிக்கு என் சமையலைத் தெரியும்.

அந்த வருஷம் ஃப்ளோரிடாவில் இருக்கும் எங்கள் கிளப்பின் சின்ன அணிக்குப் பயிற்சியாளர் ஒருவர் தேவைப்பட்டார். காடியோவையே அனுப்பலாம் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், ஜனவரியில் அங்கிருந்து ஓர் அம்மா வந்து சோதித்துப் பார்ப்பார் என்றார்கள். அன்றைக்கே இந்த மனுஷன் கடைக்குப் போய் பேனா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏன் அப்படிப் பறந்தார் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் அவர் ஒரு முறை ஃப்ளோரிடா போனவர். பந்து எறிகிறவன் தடுமாறினால், பிடிக்கிறவன் எழுந்து மைதானத்து நடுவில் இருக்கும் மேட்டுக்கு நடந்து போய், நாலு வார்த்தை பேசி அவனைத் தேற்றிவிட்டு வர வேண்டும். ஆட்டத்தில் அது எழுதாத சட்டம். காடியோ நடந்து போனார். எறிகிறவன் ஓர் அமெரிக்கப் பையன், அழுகிற நிலையில் இருந்தான், ஏதோ கேட்டான். இவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் முதுகைத் திருப்பிக்கொண்டான். அந்த சீசன் முடிந்ததும் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் இதைச் சொன்னார். அதன் பிறகு சொன்னதே இல்லை. ஆனால் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது யாராவது மேட்டுக்கு நடந்தால் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இங்கிலீஷில் மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. வினையடை என்று ஒரு சனியன் இருக்கிறதே, அதுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. எப்போதும், அடிக்கடி, மெதுவாக, ரொம்ப என்று ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும் வார்த்தைகள். நம் பேச்சில் அதைத் தலையில் வைத்தாலும் வாலில் வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. 'எப்பவும் நான் காபி குடிப்பேன்', 'நான் எப்பவும் காபி குடிப்பேன்', 'காபி குடிப்பேன் நான் எப்பவும்'. எப்படிச் சொன்னாலும் காபி வந்துவிடும். இங்கிலீஷ்காரன் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறான். நாங்கள் டொமினிகன்காரர்கள், பஸ்ஸிலேயே இடம் பார்த்து உட்கார்ந்து பழக்கமில்லை.

"'ஐ லவ் வெரி மச் பேஸ்பால்'னு சொல்லாதீங்க கோச்! காதுல முள்ளு குத்துது" என்று யோகஸ்தா கத்துவாள். சந்தியாகோக்காரி, என் மகளைவிடச் சின்னவள், குரல் மட்டும் போலீஸ் விசில்.

"ரொம்ப லவ் பண்றேன்னுதானே சொல்றேன் டீச்சர்? ரொம்பங்கறத சீக்கிரம் சொல்லிட்டா நல்லதுதானே?"

"லவ்வுக்கும் பேஸ்பாலுக்கும் நடுவுல யாரும் வந்து நிக்கக் கூடாது கோச்."

"என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. முப்பது வருஷமா அங்கதான் நிக்கிறா."

கூடமே சிரித்தது. நான் ஜன்னல் வழியாகக் கரண்டியைக் காட்டினேன்.

யோகஸ்தா அட்டையைக் கழற்றி மேசையில் போட்டாள். "சரி, இப்படி நெனச்சுப் பாருங்க. எறியறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும் நடுவுல எவனாவது நிப்பானா?"

காடியோ பேனாவைக் கீழே வைத்தார். "நின்னா மண்ட ஒடையும்."

"அதேதான். லவ் எறியுது, பேஸ்பால் பிடிக்குது."

அவர் முகம் மாறியதை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். மறுநாள் வகுப்பு மைதானத்தில் நடந்தது. மேட்டில் நின்ற பையன் 'லவ்'. குந்தி உட்கார்ந்தவன் 'பேஸ்பால்'. 'ஐ' மேட்டுக்குப் பின்னால் நின்றான். 'ஆல்வேஸ்', 'நெவர்' எல்லாம் 'ஐ'க்கும் 'லவ்'வுக்கும் நடுவே இடம் பிடித்துக்கொண்டார்கள். 'டுமாரோ', 'எவ்ரி டே' எல்லாரையும் தூரத்துப் புல்லுக்கு விரட்டினார்கள். 'வெரி மச்' என்று ஒரு குண்டுப் பையன். வேண்டுமென்றே நடுவில் போய் நின்றான், தொப்பையில் மெதுவாக ஒரு பந்து வாங்கினான், "ஐயோ அம்மா" என்று உருண்டான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருத்தன்கூட 'வெரி மச்'சை இடம் மாற்றி வைக்கவில்லை. யோகஸ்தா கைதட்டிக் குதித்தாள்.

தொல்லை என் வீட்டுக்கு வந்தது அப்புறம்தான். சாப்பாட்டு மேசையே அவருக்கு மைதானம் ஆகிவிட்டது. உப்புக் குப்பி 'ஐ'. கரண்டி வினைச்சொல். காபிக் கோப்பை கடைசியில் பந்து பிடிக்கும். அவற்றை நகர்த்தி நகர்த்தி முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

"யோவ், எலுமிச்சம்பழத்த எங்கய்யா வச்ச?"

"தொடாத சுனி. அது ஆல்வேஸ்."

"மீனுக்குப் புழியணும்."

"பூண்ட எடுத்துக்கோ. அது நெவர்தான்."

"மீனுக்குப் பூண்ட எவனாவது புழிவானா? ஒனக்கு இங்கிலீஷ் வர்றதுக்குள்ள எனக்குப் பைத்தியம் வந்துரும்."

சிரித்துக்கொண்டே எலுமிச்சையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு பொத்தானை வைத்துவிட்டார், இடம் போய்விடக் கூடாதாம்.

நான் அவரைக் கிண்டல் செய்தேன், திட்டினேன். உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். வேலை கிடைத்தால் மார்ச் மாதம் போகிறவர் செப்டம்பரில்தான் திரும்புவார். எனக்கு விசா கிடையாது. கேட்டு, அவர்கள் மறுத்து, மறுபடி கேட்டு அலுத்துப்போன கதை அது. மகள் யுலிசா சாண்டோ டொமிங்கோவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவரும் போய்விட்டால் அந்த மேசையில் நானும் உப்புக் குப்பியும்தான். இந்த மனுஷன் பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்.

ஜனவரியில் அந்த அம்மா வந்தார். பெயர் மிஸ் கார்வர். வெயிலில் மூக்கு சிவந்து, காலில் எங்கள் செம்மண் ஒட்டி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கெட்டவர் இல்லை. நான் கொடுத்த பாஷன் பழ ஜூஸை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, பிடிக்கக் கூடாது என்று இருந்தேன்.

முதலில் ஆபீஸ் அறையில் கேள்விகள். யோகஸ்தா கதவருகே நின்று கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"எப்படி இருக்காரு?"

"ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி வச்சு, இடம் சரியான்னு பாத்து, அப்புறம் அடுத்தது எடுக்கிறாரு அக்கா. 'காலைல என்ன சாப்பிடுவீங்க'ன்னு கேட்டாங்க. அவரு பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மதியம் ஆயிரும் போல."

"தப்பா சொன்னாரா?"

"தப்பில்ல. ஆனா அந்தம்மா கடிகாரத்தப் பாத்தாங்க."

வெளியே வந்தபோது காடியோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மிஸ் கார்வர் கனிவாகத்தான் சொன்னார்: அறைக்குள் பேசுவது பெரிதில்லை, மைதானத்தில் எறிகிறவனோடு எப்படிப் பேசுகிறார் என்று கேட்க வேண்டும், மார்க்கு முக்கியமாக அதற்குத்தான்.

எறிகிறவன் வெஸ்லி. நெப்ராஸ்காவில் இருந்து, பனிக்காலத்தில் பயிற்சி எடுக்க எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்டவன். கொக்கு மாதிரி உயரம். வந்த நாளில் இருந்து அவன் பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு தடவை என் சமையல்கட்டுக் கூரையிலேயே வந்து விழுந்தது. பையன் சாப்பாட்டைத் தொடாமல் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பான். எனக்கு அவனிடம் கோபம், பிறகு பாவமாகவும் இருந்தது.

காடியோ பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு, அந்த வயதில், முட்டி இரண்டும் சத்தம் போட, குந்தி உட்கார்ந்தார். மிஸ் கார்வருக்கு மேட்டுக்கு அருகிலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்று. மடியில் மார்க்குத் தாள். பக்கத்தில் யோகஸ்தா, நகம் கடித்துக்கொண்டு. நான் ஜூஸ் கூஜாவோடு கம்பி வேலி ஓரம் நின்றேன். பையன்கள் எல்லாரும் வேலியில் பல்லி போல ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெஸ்லி எறிந்தான். பந்து மண்ணில் போனது. அடுத்தது மட்டை பிடித்து நின்ற எங்கள் பையன் ஒருவன் தலைக்கு மேல். அடுத்தது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பையன் தொப்பியைக் கழற்றி மாட்டினான், மறுபடி கழற்றினான். உதடு நடுங்கியதை நான் வேலியில் இருந்தே பார்த்தேன்.

காடியோ எழுந்தார். முகக் கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு மேட்டை நோக்கி நடந்தார். அத்தனை வருஷம் டிவியில்கூடப் பார்க்க முடியாத அந்த நடையை அவரே நடந்தார். மாதாவே, ஆல்வேஸை அதன் இடத்தில் வை என்று வேண்டிக்கொண்டேன்.

மேட்டில் ஏறினார். வெஸ்லிக்கு நேரே நின்றார். பிடிக்கிறவர்களின் அந்தப் பெரிய தோல் கிளவுஸைத் தூக்கி வாயை முழுசாக மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

எதிரணி உதட்டைப் பார்த்துப் படித்துவிடக் கூடாது என்று இவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டது, ரத்தத்தில் ஊறிவிட்டது. தூக்கத்தில் பேசினால்கூட என் வீட்டுக்காரர் தலையணையால் வாயை மூடிக்கொள்வார். ஆனால் அன்றைக்கு எதிரணியே கிடையாது! அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே கடல் தாண்டி ஒரு அம்மா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர் கிளவுஸுக்குள் கிசுகிசுக்கிறார்.

"கைய எடுய்யா!" என்று நான் கத்தினேன். "காடியோ! வாயத் தொறந்து பேசு மனுஷா!"

வேலி முழுக்கச் சிரிப்பு. அவர் காதில் எதுவும் விழவில்லை. மேட்டில் நிற்கும்போது கூரை இடிந்து விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. மிஸ் கார்வர் கழுத்தை நீட்டினார். யோகஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெஸ்லி முதலில் தரையைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். அவனும் தன் கிளவுஸைத் தூக்கி வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னான். நிறையச் சொன்னான். இவர் தலையை ஆட்டவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இவர் ஏதோ சொன்னார். அந்தக் கொக்குப் பையன் தோள் குலுங்கச் சிரித்தான். காடியோ அவன் நெஞ்சில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த பந்து நேராக வந்து அவர் கையில் விழுந்தது. அதற்கடுத்ததும். பையன்கள் கத்தினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

முடிந்ததும் மிஸ் கார்வர் அவரைக் கூப்பிட்டு, மேட்டில் என்ன பேசினீர்கள், தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள் என்றார். காடியோ கையில் இருந்த கிளவுஸைப் பார்த்தார். அப்போதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று இங்கிலீஷில், தெளிவாக, "ஐ நெவர் டெல்" என்றார்.

மேட்டில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. அதுவும் எழுதாத சட்டம்தான். வினையடை சரியான இடத்தில் நின்றது. வேலைதான் போயிற்று என்று நினைத்தேன். யோகஸ்தாவின் கண்ணில் தண்ணீர்.

"சொல்லிருங்க கோச்" என்று அவள் எங்கள் பேச்சில் கெஞ்சினாள். "அப்படியே சொல்லக்கூட வேணாம். ஏதாவது சொல்லுங்க."

"அது அவனுக்குச் சொன்னதும்மா."

மிஸ் கார்வர் தாளைப் பார்த்தார். காதில் விழாததற்கு நான் எப்படி மார்க் போடுவது என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான். பிறகு வெஸ்லியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனும் தலையை ஆட்டி மறுத்தான். நெப்ராஸ்காக்காரன் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு அவனாகவே ஒன்று சொன்னான். எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான், இருந்தாலும் நான் யோகஸ்தாவைப் பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அவரு சொன்னது எல்லாமே எனக்குப் புரிஞ்சுதுங்கறான் அக்கா. நான் சொன்னதும் அவருக்குப் புரிஞ்சுதுங்கறான்."

மிஸ் கார்வர் பேனாவை மூடினார். தகவல் சொல்வோம் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை.

"வாயத் தொறக்க வேண்டிய நாள்ல வாய மூடிக்கிட்டு நின்ன ஒரே மனுஷன் நீதான்யா. என் மேசைய மைதானம் ஆக்கி, என் எலுமிச்சம்பழத்தையெல்லாம் ஆல்வேஸ் ஆக்கி, கடைசில இதுக்குத்தானா?"

கரும்புக் காட்டு ஓரம் வந்ததும் அவர் நின்றார்.

"அன்னைக்கு அந்தப் பையன் முதுகத் திருப்பிக்கிட்டான் சுனி. இவன் திருப்பல. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை நாளும் அவர் போய்விடக் கூடாது என்று பயந்தவள் நான். இப்போது அவர் போகாவிட்டால் தாங்க மாட்டேன் போலிருந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். அவர் தன் அழுக்குக் கைக்குட்டையைக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது யோகஸ்தா செருப்பு ஒரு பக்கம் கிடக்க சமையல்கட்டுக்குள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் கையெல்லாம் கறை, அவள் வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் பையன்கள் தட்டில் கரண்டியால் அடித்து "சுவரு! சுவரு!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வெஸ்லியிடம் என்ன சொன்னார் என்று நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துக் கேட்டேன். பேசாமல் இருந்து கேட்டேன். சாப்பிட்டுவிட்டு உதட்டில் விரலை வைத்தார், பாவி.

மார்ச் மாதம் விமான நிலையத்துக்கு யுலிசாவும் வந்திருந்தாள். பெட்டியைக் கவுன்டரில் போட்டுவிட்டார். கிளவுஸை மட்டும் கக்கத்தில் வைத்திருந்தார், அதைப் பெட்டியில் போட அவருக்கு மனசு வராது. பயணிகள் மட்டும் என்று எழுதியிருந்த கதவு வரைக்கும் நடந்தோம். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய தோல் கிளவுஸைத் தூக்கித் தன் வாயையும் என் காதையும் சேர்த்து மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. தோல் வாசம், எண்ணெய் வாசம், அவர் மூச்சு. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

யுலிசா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பா என்னம்மா சொன்னாரு?"

"மேட்டுல பேசினத வெளிய சொல்லக் கூடாதுடி."

"ஐயே! எங்கிட்டகூடவா?"

"உங்கிட்டகூடத்தான்."

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆல்வேஸ் அதன் இடத்தில்தான் நின்றது.